அதிபர் குடலும் தாத்தா குடலும்

அமெரிக்க அதிபரையே நாற்காலியை விட்டு இரண்டு மணி நேரம் இறக்கி வைத்த சாதனம் ஒன்று உண்டு. நுனியில் கேமரா வைத்த ஒரு நீளக் குழாய்!

ஜார்ஜ் புஷ்ஷுக்கு 2002-லும் 2007-லும் கொலோனோஸ்கோப்பி செய்தார்கள். ஆசனவாய் வழியாகக் குழாயை விட்டுப் பெருங்குடல் முழுக்கப் பார்க்கும் சோதனை. மயக்க மருந்து உண்டு. மயக்கத்தில் கிடப்பவர் கையில் நாடு இருக்கலாமா? இரண்டு தடவையும் துணை அதிபர் டிக் செனியிடம் அதிகாரத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தார்.

2010 பிப்ரவரியில் ஒபாமாவின் முறை. அவர் யாரிடமும் எதையும் ஒப்படைக்கவில்லை. ஏனென்றால், அவர் செய்துகொண்டது சி.டி. ஸ்கேன். 'விர்ச்சுவல் கொலோனோஸ்கோப்பி' என்பார்கள். ஆசனவாயில் ஒரு சின்னக் குழாயை வைத்துக் குடலுக்குள் காற்றை நிரப்பி, மல்லாக்க ஒரு தடவை, குப்புற ஒரு தடவை படம் எடுப்பார்கள். கம்ப்யூட்டர் அதையெல்லாம் கோத்து, குடலின் உட்புறத்தைத் திரையில் காட்டும். மயக்கம் கிடையாது. எழுந்து வேலையைப் பார்க்கப் போகலாம்.

ரொம்ப சந்தோஷம். ஆனால், அதற்கு ஒன்பது மாதம் முன்புதான், 2009 மே மாதம், அவருடைய அரசின் 'மெடிகேர்' இதே ஸ்கேனுக்குப் பணம் தர முடியாது என்று கையை விரித்திருந்தது. 65 வயசானவர்களுக்கான அரசுக் காப்பீடு அது. சொன்ன காரணம், ஆதாரம் போதாதாம்.

ஆதாரம் என்ன இருந்தது? 2003-ல் 1,233 பேரை வைத்து ஓர் ஆய்வு, 2008-ல் 2,531 பேரை வைத்து இன்னொன்று. ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ 'பாலிப்' கட்டி இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேரை ஸ்கேன் சரியாகப் பிடித்தது. மெடிகேர் கண்ட குறைகளில் ஒன்று, ஆய்வுக்கு வந்தவர்களின் சராசரி வயது 58தான் என்பது. ஏன் சார், 58 வயசுக் குடலில் கட்டியைப் பார்க்கிற மெஷினுக்கு 65 வயசுக் குடலில் கண் தெரியாமல் போய்விடுமா?

ஸ்கேனுக்கு நான் கொடி பிடிக்கவில்லை. பேதி மருந்து இதற்கும் குடித்தாக வேண்டும். கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு. பொடிப்பொடி பாலிப்களைத் தவறவிடும். பெரிசாக ஒன்று தென்பட்டால், அதை எடுக்கக் குழாய்தான் வர வேண்டும். குழாய்ச் சோதனையிலோ பார்த்த கையோடு அறுத்து எடுத்துவிடலாம். 2007-ல் புஷ்ஷுக்கு ஐந்து எடுத்தார்கள். ஒன்றும் இல்லையென்றால் பத்து வருஷம் நிம்மதி. ஸ்கேனுக்கு ஐந்து வருஷம்தான் கெடு.

எல்லாம் சரி. குழாய் என்றதுமே எழுந்து ஓடுகிற மனிதரை என்ன செய்வது? 2018-ல்கூட அமெரிக்காவில் 50 முதல் 75 வயதுக்காரர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் உரிய காலத்தில் எந்தக் குடல் சோதனையும் செய்துகொண்டிருக்கவில்லை. செய்துகொள்ளாத சோதனை எத்தனை துல்லியமாக இருந்து என்ன புண்ணியம்? மலப் பரிசோதனை இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும், அதுவும் ஒரு கதவு. இன்னொரு கதவைத் திறந்து வைத்தால் இன்னும் நாலு பேர் நுழைவார்கள், அவ்வளவுதான்.

2016-ல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு ஸ்கேனையும் தன் பட்டியலில் சேர்த்தது. மெடிகேர் அசைந்து கொடுக்கவில்லை. 2025 ஜனவரியில்தான் பணம் தர ஆரம்பித்தது. பதினைந்து வருஷத்துக்கு மேல்! ஒரு பாலிப் புற்றுநோயாக மாறுவதற்குச் சாதாரணமாகப் பத்து வருஷம் போதும்.

அதிபருக்குச் சில மணி நேர வேலை கெடாமல் இருக்க ஒரு வழி இருந்தது. குழாய்க்குப் பயந்த தாத்தாவுக்கு அதே வழியைக் காட்டி, காசிருந்தால் வா என்றார்கள். இதற்குப் பெயர் விஞ்ஞான எச்சரிக்கை என்றால் நான் நம்பத் தயாரில்லை.

உங்களுக்கு ஒன்று. மலத்தில் ரத்தம் போனால் இந்த வாதத்தையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். அங்கே பெரும்பாலும் குழாய்தான் சரி. எந்தத் தொந்தரவும் இல்லாமல், வயசுக்காகச் சோதனை செய்யச் சொன்னால், கூச்சப்படாமல் கேளுங்கள்: "டாக்டர், வேற என்னென்ன வழி இருக்கு? எதுல என்ன லாபம், என்ன நஷ்டம்?"

குடல் உங்களுடையது. கேட்கிற உரிமையும்தான்.