கடைசி மூன்று மாதங்களும் நம் சங்கங்களும்

நெசவாளர் சங்கத்தின் பேரேடு எதையும் மறப்பதில்லை. எத்தனை பாவு கொடுக்கப்பட்டது, ஊடை நூல் எத்தனை சிட்டம் போயிற்று, எத்தனை உருப்படி திரும்பி வந்தது, கூலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்பனவெல்லாம் பைசா பிசகாமல் அதில் ஏறிவிடும். ஆயினும் ஒரு குடும்பத்தின் உருப்படிக் கணக்கு நான்கைந்து மாதம் தொடர்ந்து சரிந்து, பின்னர் மெல்ல எழும்பும்போது, அச்சரிவுக்குக் காரணம் யாது என்று எழுத அப்பேரேட்டில் இடமில்லை. குறிப்புக் கட்டத்தில் ‘உற்பத்திக் குறைவு’ என்னும் இரண்டு சொற்கள் இருக்கும். விசாரித்துப் பார்த்தால், அவ்வீட்டுத் தாய் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தார் என்பது பல வேளைகளில் தெரியவரும்.

பிரசவம் வீட்டுக் காரியம், அதற்கும் சங்கத்திற்கும் என்ன தொடர்பு என்று நம் அங்கத்தினர் சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு என்பதே நமது கருத்து. ராயகிரியிலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் உழைக்கும் குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். தறி ஒன்று, சங்கப் பதிவேட்டில் பெயர் பெரும்பாலும் கணவருடையது. ஆனால் அத்தறிக்குத் தார் சுற்றித் தருபவர் யார்? பாவு பிணைக்கையில் உடன் அமர்பவர் யார்? அந்தக் கைகள் ஓய்ந்தால் நாடாவும் ஓய்ந்துவிடுகிறது. வயற்காட்டிலும் இதே கதைதான். பட்டா ஒருவர் பெயரில் இருக்கும். நடவும் களையெடுப்பும் இன்னொருவர் இடுப்பில் இருக்கும். பெயர் ஏறாத அவ்வுழைப்பு நின்றுபோகும் மாதங்களில்தான் குடும்பம் கடனில் இறங்குகிறது. அக்கடனை அடைக்கவே பிள்ளை பெற்ற தாய் உடல் தேறுமுன் மீண்டும் வேலைக்கு வருகிறார்.

முதலில் உடலைப் பற்றிச் சிறிது சொல்வோம். கருவுற்ற 28 வாரங்களுக்குப் பின் வரும் காலமே கடைசிப் பகுதி. வயிறு மேலெழும்பி இரைப்பையை அழுத்துவதால் நெஞ்சு கரிக்கும், மூச்சு வாங்கும், இடுப்பு கடுக்கும், இரவில் தூக்கம் கெடும். இவை நோயல்ல. வேளைக்கு வயிறு முட்ட உண்பதை விட்டுச் சிறுகச் சிறுகப் பலமுறை உண்பதும், ஒருக்களித்து, இயன்றவரை இடப்பக்கமாகப் படுப்பதும், பகலில் ஒரு நாழிகையேனும் காலை உயர்த்தி வைத்துக் கிடப்பதும் போதும்.

குழித்தறியில் அமர்பவர்களுக்கு மட்டும் தனியே சில சொல்ல வேண்டியுள்ளது. துணி சுற்றும் மரம் நெய்பவர் வயிற்றுக்கு நேரே இருப்பது. எட்டாம் மாதத்தில் அதற்கும் வயிற்றுக்கும் இடையே கை நுழையாது. கால்கள் குழிக்குள் தொங்கியபடி மணிக்கணக்கில் மிதித்துக் கொண்டிருந்தால் வீக்கம் ஏறாமல் என்ன செய்யும்? ஏழாம் மாதத்திற்குப் பின் தறியில் அமர்வதை விட்டுவிடுவதே நலம். உட்கார்ந்து தார் சுற்றலாம். அதுவும் அரை மணிக்கொருமுறை எழுந்து நாலு அடி நடந்துவிட்டு. நனைந்த நூற்கட்டுகளைத் தூக்குவதும், பாவுக்குக் கஞ்சி போடும் இடத்தில் வெயிலில் நிற்பதும் வேண்டவே வேண்டா. இன்னொன்று, வெளியே சொல்லக் கூசிப் பலரும் மறைப்பது: தறிக்கூடத்தருகே கழிப்பிடம் இல்லாமையால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக் கொள்ளுகிறார்கள். நீர்க்கடுப்பும் அதன்வழிக் காய்ச்சலும் கர்ப்பிணிக்கு ஆபத்து விளைப்பன. மாதம் நிரம்பாமலே வலி கண்டுவிடவும் கூடும். பொதுத் தறிக்கூடம் வைத்திருக்கும் சங்கங்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கு முன்னே கழிப்பிடத்தைக் கட்டட்டும்.

வயலில் உழைப்போரின் நிலை இதனினும் கடினம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து 2024 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும், குழந்தை இறந்து பிறத்தலும் நேரும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்கு என்று அதில் கண்டார்கள். சித்திரை வைகாசி வெயிலை நாம் யாருக்கும் விவரிக்கத் தேவையில்லை. உச்சிவேளையில் நிறைமாதப் பெண்ணைக் களைக்கு அழைப்பதும், பூச்சிமருந்து தெளிக்கும் வயலில் நிறுத்துவதும் எந்தக் கணக்கிலும் சேராத நட்டம்.

இனி இரத்தசோகை. 2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் கர்ப்பிணிகளுள் 52 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். தமிழ்நாட்டிலும் ஏறத்தாழப் பாதிப் பேர். மருத்துவ வசதியில் முன்னணியில் நிற்கும் மாநிலத்தில் இந்நிலை என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். வாங்கி வந்த பின் அது மாடத்தில் கிடக்கிறது. உண்டால் குமட்டுகிறது, மலம் கறுக்கிறது, பிள்ளையும் கறுத்துப் பிறக்கும் என்பன காரணங்கள். கடைசிக் காரணம் வெறும் பேச்சு. முன்னவை உண்மையே, ஆனால் இரவில் உணவுக்குப் பின் உட்கொண்டால் குமட்டல் பெரிதும் தணியும். தேநீர், காப்பியோடு மாத்திரையை உண்டால் இரும்புச்சத்து உடலில் சேராது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் அதே வேளையில் உண்ணலாகாது. எலுமிச்சைச் சாற்றோடு உண்டால் நன்கு சேரும். புளியங்குடி எலுமிச்சை ஊரெல்லாம் ஏற்றுமதியாகையில் நம் வீட்டுக் கர்ப்பிணிக்கு ஒரு மூடி பிழிந்து கொடுப்பதில் குறையொன்றும் வந்துவிடாது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, சிறுபயறு, முட்டை ஆகியவை எவருக்கும் எட்டாத பண்டங்களல்ல. நிறைய உண்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கடினமாகிவிடும் என்று கடைசி மாதங்களில் சோற்றைக் குறைக்கும் பாட்டிமாரிடம் மட்டும் சற்றுப் பணிவாக, ஆனால் உறுதியாக, பேச வேண்டியிருக்கிறது.

ஆபத்துக் குறிகள் சிலவற்றை ஆண் அங்கத்தினர்களும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். ஏனெனில் நள்ளிரவில் வண்டி அழைக்க ஓடுபவர்கள் அவர்களே. மாலையில் பாதம் வீங்கி இரவில் வடிந்துவிட்டால் அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் முகமும் கைகளும் வீங்கி, தலை இடித்து, கண் மங்கி, மேல்வயிறு வலித்தால், அது இரத்த அழுத்தம் ஏறியதன் அடையாளம். அளவு 140க்கு 90 என்னும் எல்லையைத் தொட்டாலே மருத்துவர் பார்த்தாக வேண்டும். அசட்டையாக விட்டால் வலிப்பு வரும், தாயும் சேயும் போவதுண்டு. உதிரம் படுதல், பனிக்குடம் உடைதல், காய்ச்சல், குழந்தையின் துடிப்பு வழக்கத்திற்குக் குறைதல் ஆகிய இவற்றுள் எது கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108 ஐ அழைக்க வேண்டும். கடுமையான பேறுகளைத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். மலையடிவாரத்திலிருந்து அதுவரை செல்லும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

நம் முன்னோர் இந்த மாதங்களின் அருமையை அறியாதவர்களல்லர். ஏழிலோ ஒன்பதிலோ வளைகாப்பு நடத்தித் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தின் உட்பொருள் ஓய்வுதான். ஆயின் அவ்வோய்வு தலைப்பிரசவத்தோடு தீர்ந்துவிடுகிறது. இரண்டாம் பிள்ளைக்கு வளையுமில்லை, தாய்வீடுமில்லை. இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று, கையில் ராட்டை. இரத்தசோகையும் இரண்டாவதில்தான் முற்றுகிறது. பிரசவங்களுக்கிடையே போதிய இடைவெளி இல்லாவிட்டால் கேட்கவே வேண்டா. சம்பிரதாயம் விட்ட இடத்திலிருந்து எடுத்துச் செய்ய வேண்டியது யார் என்பதே கேள்வி.

சட்டம் செய்யும் என்று இருக்கலாமா? 1919 இல் வாஷிங்டனில் கூடிய முதலாவது சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டிலேயே பேறுகால விடுப்புப் பற்றி உடன்படிக்கை உருவாயிற்று. பம்பாய் மாகாணம் 1929 இலும் சென்னை மாகாணம் 1934 இலும் ஆலைப் பெண்களுக்குச் சட்டம் இயற்றின. 1961 ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தந்த 12 வார விடுப்பு 2017 இல் 26 வாரமாக உயர்ந்தது. 2020 ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அவ்வளவே இடம்பெற்றது. தமிழக அரசு ஊழியருக்கோ 2021 முதல் 12 மாதம். மகிழ்ச்சியே. ஆனால் இவையெல்லாம் முதலாளி ஒருவர் உள்ள இடத்துக்கு உரியன. தன் வீட்டுத் தறியில் உருப்படிக் கூலிக்கு நெய்யும் பெண்ணுக்கு முதலாளி யார்? சங்கம் முதலாளியன்று, சங்கம் அவர்தாமே.

அரசின் உதவி இல்லாமலில்லை. 1927 இல் சென்னைச் சட்டசபையில் அமர்ந்த முதல் பெண்மணியாகிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 1987 இல் தொடங்கிய மகப்பேறு நிதியுதவித் திட்டம் இன்று முதல் இரு பேறுகளுக்கு 18,000 ரூபாய் அளிக்கிறது. இதில் 14,000 ரொக்கம், எஞ்சியது ஊட்டச்சத்துப் பெட்டகம். கருவுற்ற மூன்று மாதத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்வோர்க்கே இது தடையின்றிக் கிட்டும். தாய்வீட்டுக்குச் செல்வோர் பதிவு எண்ணையும் தாய் சேய் அட்டையையும் மறவாது கொண்டு செல்லுதல் வேண்டும். அட்டையில்லாமல் வந்து நிற்கும் பெண்ணின் இரத்த வகையை நள்ளிரவில் யார் சொல்லுவார்கள்? ஆனால் பதினாலாயிரமும் தவணைகளாக வருவது. நின்றுபோன வாரக்கூலிக்கு அது ஈடாகாது.

இங்கேதான் கூட்டுறவின் பழைய வரலாறு ஒன்று நமக்கு உதவும். 1844 இல் ராச்டேலில் கடை திறந்த முன்னோடிகளுள் நெசவாளர்கள் இருந்தனர் என்பதைக் கூட்டுறவு வகுப்புகளில் எல்லோரும் படித்திருக்கிறோம். அதே இங்கிலாந்தில் 1883 இல் பிறந்த கூட்டுறவு மாதர் சங்கத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. மார்கரெட் லூவலின் டேவிஸ் அம்மையார் அதன் பொதுச் செயலாளராக இருந்த காலத்தில், உறுப்பினராகிய தொழிலாளிப் பெண்கள் தங்கள் கர்ப்பகாலத் துன்பங்களைத் தம் கையாலேயே எழுதியனுப்பினர். அவற்றுள் 160 கடிதங்கள் 1915 இல் நூலாக வந்தன. அதற்கு முன்பே, 1911 இன் தேசியக் காப்பீட்டுச் சட்டத்தில் 30 ஷில்லிங் பேறுகால உதவி சேர்வதற்கு அவர்கள் போராடியிருந்தனர். சட்டம் வந்தது, பணமும் வந்தது, ஆனால் அது கணவன் கைக்குப் போயிற்று. அச்சங்கம் விடவில்லை. 1913 இல் திருத்தம் வந்து, அப்பணம் தாய்க்கே உரியது என்று ஆயிற்று.

நாம் சொல்ல விரும்புவதும் இதுதான். ஒவ்வொரு சங்கமும் பேறுகால ஓய்வு நிதி ஒன்றை ஏற்படுத்தி, கடைசி எட்டு வாரமும் பிரசவத்திற்குப் பின் நான்கு வாரமும், தாயின் பெயரிலுள்ள கணக்கிலேயே வாரந்தோறும் ஒரு தொகை செலுத்த வேண்டும். பணம் எங்கே என்பார்கள். 200 அங்கத்தினர் உள்ள சங்கத்தில் ஆண்டுக்குப் பத்துப் பிரசவம் என்று கொள்வோம். வாரம் 500 ரூபாய் வீதம் 12 வாரத்துக்கு 6,000. பத்துப் பேருக்கு 60,000. அங்கத்தினர் ஒருவருக்கு ஆண்டுக்கு 300, மாதத்துக்கு 25 ரூபாய். நாற்சந்தியில் இரண்டு தேநீரின் விலை. இலாபம் காணும் சங்கமாயின் பொதுநல நிதியிலிருந்து ஒரு பகுதியைச் சேர்க்கலாம். சந்தா இன்னும் குறையும். துணைவிதியில் இதற்கு இடமில்லையெனில் திருத்தம் எழுதிப் பதிவாளரின் ஒப்புதலுக்கு அனுப்புவது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலையன்று.

பணத்தைவிட எளிய உதவியும் உண்டு. கர்ப்பிணி உள்ள வீட்டுக்குச் சுற்றிய தாராகவே நூல் வழங்கிவிட்டால் அவ்வீட்டுத் தறி நிற்காது. சுற்றுகூலி வேறோர் அங்கத்தினர் குடும்பத்துக்குப் போகும். இதற்கு எந்தத் திருத்தமும் தேவையில்லை. மேலாளரும் நிர்வாகக் குழுவும் மனம் வைத்தால் அடுத்த வாரமே தொடங்கலாம். பெண்களையே அங்கத்தினராகச் சேர்த்து, கைத்தறித் தொழிலாளர் நல வாரியத்திலும் பதிவு செய்துவிடுவது அதற்கடுத்த படி. தார் சுற்றுவோரையும் தொழிலாளர் என்று எண்ணத் தயங்கும் நிர்வாகிகள் சிலர் உளர். ஒரு வாரம் தாமே உட்கார்ந்து சுற்றிப் பார்க்கட்டும்.

வரும் பொதுப்பேரவைக்கு அழைப்பாணை தயாரிக்கும் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘தலைவரின் அனுமதியுடன் எடுத்துக் கொள்ளப்படும் இதர பொருள்கள்’ என்னும் கடைசி இனத்தில் இதைச் சேர்த்துவிடாதீர்கள். அவ்வினம் வருவதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்விடுவது வழக்கம். பெண்கள், சமையல் நேரமாயிற்று என்று, அதற்கும் முன்பே. மூன்றாவது இனமாக வையுங்கள். கூட்டத்தையும் காலை பத்து மணிக்கே தொடங்குங்கள்.