மழைக்கோட்டுக்குப் பீரோவில் என்ன வேலை?

பிரெஞ்சில் ‘பூரோ’ என்றால் எழுதும் மேசை, அல்லது அலுவலகம். துணி வைப்பது ‘அர்முவார்’. நம் ஊரில் அந்தப் பூரோ எப்படியோ துணி வைக்கும் பீரோவாகிவிட்டது. பெயருக்கேற்ற குணம்தான்! அலுவலகத்துக் கோப்பு போல, உள்ளே போன பொருள் தேவைப்படும்போது கிடைப்பதில்லை.

புதுச்சேரியில் அக்டோபர் நடுவில் மழை தொடங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் முதல் மழையன்று பல வீடுகளில் பிள்ளை புத்தகப் பையோடு வாசலில் நிற்கும். அம்மா பீரோவைக் குடைந்துகொண்டிருப்பார். பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து மழைக்கோட்டு வரும், ஈரத்தோடு மடித்து வைத்ததால் ஒட்டிக்கொண்டு, பூசணம் பூத்து. போட்டுப் பார்த்தால் கை முழங்கையோடு நின்றுவிடும்.

இதில் எனக்குக் கோபம் கோட்டின் மேல் இல்லை. ஐந்து பேருடைய குடை, கோட்டு, தொப்பி எங்கே என்பது ஒரே ஒரு பெண்ணின் தலைக்குள் இருக்கிறதே, அதன் மேல்தான். அவர் இரண்டு நாள் ஊருக்குப் போனால் வீடே நனைகிறது. முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன்: ஒருவருக்கு மட்டுமே இடம் தெரிந்த கோப்பு, காணாமல் போன கோப்புக்குச் சமம்.

என் மருமகளும் வேலைக்குப் போகிறவள். அதனால் ஓய்வில் இருக்கும் நான் இந்த இலாகாவை எடுத்துக்கொண்டேன். வாசல் நடையில் ஆளுக்கொரு கொக்கி. பேத்தியின் கொக்கி மூன்றடி உயரத்தில். அவளே மாட்டுவாள், அவளே எடுப்பாள். குடைக்கு ஒரு பழைய பித்தளைக் குடம். ஆயுத பூஜைக்கு ஸ்கூட்டரைத் துடைக்கிற அன்றே கோட்டுகளையும் எடுத்து ஒவ்வொருவரையும் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். சின்னதாகிப்போனது அப்போதே அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். போகிக்கு முன் நிழலில் நன்றாகக் காயவைத்து, துணிப்பையில் போட்டுப் பரணுக்கு. (கிழிந்த மழைக்கோட்டைப் போகித் தீயில் போடாதீர்கள், அந்தப் புகை நமக்குத்தான் வரும்.)

ஸ்வெட்டர் விஷயம் வேறு. கம்பளியைப் பூச்சி தின்னும். அதற்கென்று பாச்சை உருண்டையைக் கைக்குழந்தையின் துணிக்குள் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சில குழந்தைகளுக்கு அது இரத்தத்தையே கெடுக்கும். வசம்புத் துண்டு போதும். டிசம்பரில் பாரிஸிலிருந்து வரும் உறவினர்களின் கனத்த கோட்டுகளுக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. மூன்று வாரம் ஒரு கட்டிலையே பிடித்துக்கொள்கின்றன!

“கொக்கியில் தொங்கினால் வீடு அழகாக இல்லையே” என்கிறார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இங்கே கரை கடந்தபோது வீட்டில் மின்சாரம் இல்லை. இருட்டில் கையை நீட்டினோம், அவரவர் கோட்டு அவரவர் கைக்கு வந்தது. யாரும் மருமகளைக் கூப்பிடவில்லை.