ஊசிக்கு ஒரு வரி எழுதாத விதி

விமானத்தின் கைப்பையில் எவற்றை எடுத்துச் செல்லக் கூடாது என்று இந்திய விமான நிறுவனங்கள் வெளியிடும் பட்டியல்களில் வழக்கமாக ஒரு தொடர் இடம்பெறும்: கத்தி, கத்தரிக்கோல், இதர கூர்மையான கருவிகள். முதலிரண்டு சொற்கள் பொருள்களைச் சுட்டுகின்றன. மூன்றாவது எதையும் சுட்டுவதில்லை. ஆனால் எதையும் உள்ளிழுத்துக்கொள்ளும். தையல் ஊசி, குரோஷே ஊசி, பின்னல் ஊசி, ஆரி ஊசி, குண்டூசி அனைத்தும் அந்த ‘இதர’ என்ற சொல்லுக்குள் கிடக்கின்றன. அவை செல்லலாமா கூடாதா என்பதை அங்கே முடிவு செய்வது விதியன்று. எக்ஸ்ரே திரையின் முன் அந்நேரம் அமர்ந்திருப்பவரின் மனம். போகும்போது தடையின்றிக் கடந்த ஊசி, திரும்பும்போது குப்பைத்தொட்டியில் விழக்கூடும். இரண்டு முடிவுகளையும் அதே பட்டியலைக் காட்டி நியாயப்படுத்திவிட முடியும்.

இது அற்பமான செய்தி என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ஓர் அரசு எவற்றைப் பெயர் சொல்லி வகைப்படுத்துகிறது, எவற்றை ‘இதர’ என்று தள்ளிவிடுகிறது என்பதில் அதன் மதிப்பீடுகள் வெளிப்படுகின்றன. வகைப்பாட்டின் அரசியலை வகுப்பறைகளில் பேசுவோர் விமான நிலையத்தின் வரிசையில் அதை மறந்துவிடலாகாது.

முதலில் எதிர்த்தரப்பின் நியாயத்தை முழுமையாக ஏற்க வேண்டும். இந்தியாவின் விமானப் பாதுகாப்பு ஏற்பாடுகள் வீணான அச்சத்தில் பிறந்தவை அல்ல. 1976ஆம் ஆண்டு இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்ட பின்னரே, 1978இல் சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புக்கெனத் தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. 1985இல் கனிஷ்கா விமானம் வெடித்துச் சிதறிய பிறகு, 1987இல் அது தனிப் பணியகமாயிற்று. 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து கிளம்பிய ஐ.சி. 814 கடத்தப்பட்டு, பயணி ஒருவர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அதன் விளைவாகவே 2000ஆம் ஆண்டிலிருந்து மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை விமான நிலையங்களின் காவலை ஏற்கத் தொடங்கியது. கூர்முனை குறித்த எச்சரிக்கைக்குப் பின்னால் உயிரிழப்பு இருக்கிறது. அதனால்தான் அவ்விதி துல்லியமாக இருக்க வேண்டும் என்கிற கோரிக்கை எழுகிறது.

2001 செப்டம்பர் தாக்குதலை நேரடியாக அனுபவித்த அமெரிக்கா இதை எவ்வாறு கையாண்டது? தொடக்கத்தில் கத்தரிக்கோல்களை அடியோடு தடுத்தது. 2005 டிசம்பரில், திருகாணியிலிருந்து அளக்கும்போது அலகின் நீளம் 4 அங்குலத்துக்குக் குறைவாக உள்ளவற்றை மீண்டும் அனுமதித்தது. சிறு கத்தரிக்கோல்களைத் தேடுவதில் செலவாகும் நேரத்தை வெடிபொருள்களைக் கண்டறிவதில் செலவிடலாம் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இன்று அந்நாட்டின் பட்டியலில் தையல் ஊசியும் பின்னல் ஊசியும் பெயர் குறிப்பிட்டு அனுமதிக்கப்பட்டுள்ளன. அலகு மறைந்திருக்கும் வட்டவடிவ நூல்வெட்டி பெயர் குறிப்பிட்டே தடுக்கப்பட்டுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் கத்தரிக்கோலின் அலகுக்கு 6 சென்டிமீட்டர் என்று எல்லை வகுத்திருக்கிறது. இவற்றுக்கிடையே, 2003 நவம்பர் முதல் பெரிய பயணிகள் விமானங்களில் விமானியறைக் கதவுகள் வலுவூட்டப்பட வேண்டும் என்பது சர்வதேச நெறியாகவும் ஆயிற்று.

2013இல் அமெரிக்க அமைப்பு சிறு மடக்குக் கத்திகளையும் அனுமதிக்க முனைந்தபோது விமானப் பணியாளர்கள் கடுமையாக எதிர்த்தனர், அம்முயற்சி கைவிடப்பட்டது. கத்தியை மறுத்த அதே பட்டியலில் ஊசி இன்றும் நீடிக்கிறது. கத்திக்கும் ஊசிக்கும் இடையே கோடு கிழிக்க இயலும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

‘அயல்நாட்டு அளவுகோல் இங்கே பொருந்தாது’ என்போர் உண்டு. அயல்நாடு வேண்டாம், இந்தியாவையே எடுத்துக்கொள்ளலாம். உள்நாட்டு விமானங்களில் சீக்கியப் பயணிகள் கிர்பான் அணியலாம் என்றும், அதன் அலகு 6 அங்குலத்துக்கும் மொத்த நீளம் 9 அங்குலத்துக்கும் மிகக் கூடாது என்றும் 2022இல் ஆணை பிறந்தது. சபரிமலை பக்தர்களின் இருமுடியில் உள்ள தேங்காய்க்கு, உரிய சோதனைகளுக்குட்பட்டு, 2024 அக்டோபரிலிருந்து 2025 ஜனவரி 20 வரை தற்காலிக விலக்கு வழங்கப்பட்டது. இவ்விரண்டும் நியாயமானவை, வழிபாட்டுரிமையை மதிப்பவை. அவற்றைக் குறைகூற எவருக்கும் முகாந்திரம் இல்லை. ஆனால் அவை ஓர் உண்மையை வெளிச்சமிடுகின்றன: கூர்மையான பொருளைப் பெயர் சொல்லி, அளந்து, நிபந்தனை விதித்து அனுமதிக்க இந்த அரசுக்கு நன்றாகவே தெரியும். அமைப்பாகத் திரண்டோரின் கோரிக்கை என்றால் அளவுகோல் கையிலெடுக்கப்படுகிறது. ஊசி பிடிப்போருக்கு அத்தகைய திரட்சி இல்லை. ஆகவே அவர்களுக்கு ஒரு வரியும் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு விடை பழையது. பூத்தையல் பெண்மைக்குரிய பொறுமையைப் பழக்கும் பயிற்சியாகவும், வீட்டில் ஓய்வாயிருப்போரின் பொழுதுபோக்காகவும் எவ்வாறு வடிவமைக்கப்பட்டது என்பதை ரோசிகா பார்க்கர் 1984இல் வெளிவந்த தமது நூலில் விரிவாக ஆராய்ந்தார். அந்தப் பார்வைதான் இன்றும் சோதனை மேசையில் நிற்கிறது. மடிக்கணினி தொழிற்கருவி, அதற்குத் தனித்தட்டு உண்டு. ஊசி ‘இதர’. இதே நாடுதான் லக்னோவின் சிக்கன் வேலைப்பாட்டுக்கு 2008இலும், நீலகிரித் தோடர் பூத்தையலுக்கு 2013இலும் புவிசார் குறியீடு வழங்கிப் பெருமைகொண்டது. வரைந்த கோடு ஏதுமின்றித் துணியின் இழைகளை எண்ணியெண்ணிப் பூ எழுப்பும் தோடர் பெண்ணின் கையில் இருப்பதும் ஓர் ஊசியே. கைவினைக்குச் சான்றிதழ் உண்டு. கைவினைக்கான கருவிக்கு வழி இல்லை.

‘சரக்குப்பெட்டியில் வைத்து அனுப்பினால் போயிற்று’ என்பது அடுத்த வாதம். கைப்பை மட்டும் அனுமதிக்கும் மலிவுக் கட்டணங்கள் வந்துவிட்ட காலம் இது. அதை விடுத்தாலும், ஊசியைச் சரக்குப்பெட்டியில் வைக்கத்தான் வேண்டும் என்றால் விதி அதைத் தெளிவாகச் சொல்லட்டும். பயணி பணிந்து நடப்பார். மௌனத்துக்கு எப்படிப் பணிவது? ‘ஊசியாலும் காயப்படுத்தலாமே’ என்றால், பேனா முனையாலும், விமானத்திலேயே உணவோடு தரப்படும் உலோக முள்கரண்டியாலும், தீர்வையில்லாக் கடையில் வாங்கிய கண்ணாடிக் குப்பியாலும் அது இயலும். அவற்றை அனுமதித்துவிட்டு ஊசியில் மட்டும் ஆபத்தைக் காண்பது, பூசணிக்காய் போன வழியை விட்டுக் கடுகு போன வழியை ஆராய்வதாகும்.

இங்கே காவலரைப் பழிப்பது தவறு. ஐயத்துக்குரிய ஒன்றை அவர் அனுமதித்து ஏதேனும் நிகழ்ந்தால் பொறுப்பு அவர் தலையில் விழும், பறித்துக்கொண்டால் கேட்பாரில்லை. தெளிவற்ற விதி எப்போதும் பறிப்பதை நோக்கியே சாயும். அச்சாய்வின் சுமை எல்லார்மீதும் ஒரேயளவில் விழுவதுமில்லை. ஆங்கிலத்திலோ இந்தியிலோ நின்று வாதாட வல்ல பேராசிரியர் மேலதிகாரியை அழைக்கச் சொல்லிப் பொருளோடு போய்விடலாம். கண்காட்சிக்கெனத் தம் வாழ்வில் முதன்முறை விமானமேறும் கைவினைப் பெண், அரைகுறையாக நின்ற வேலைப்பாட்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு, ஊசிகளை விட்டுவிட்டுத் தலைகுனிந்து நடப்பார். விருப்புரிமை என்று ஆட்சிமொழியில் அழைக்கப்படுவது, நடைமுறையில் மொழியும் வர்க்கமும் பார்த்து இயங்கும்.

வேண்டுவது சலுகையன்று, நான்கு தெளிவுகள். தையல், பின்னல், குரோஷே ஊசிகள் பட்டியலில் பெயர் குறிப்பிடப்பட வேண்டும். கத்தரிக்கோலுக்குத் திருகாணியிலிருந்து அளக்கும் நீள வரம்பு வகுக்கப்பட வேண்டும்; தனி அலகு கொண்ட நூல்வெட்டிகள் சரக்குப்பெட்டிக்கே உரியவை என்றும் அதிலேயே எழுதலாம். அந்தப் பட்டியல் அந்தந்த மாநில மொழியில் விமான நிலையத்தின் நுழைவாயிலில், சோதனைக்கு முன்பே, காணக் கிடைக்க வேண்டும். எதையேனும் பறித்தால் காரணம் எழுதிய ஒரு சீட்டு தரப்பட வேண்டும்.

ஆடைவடிவமைப்பு, நாட்டார் வழக்காற்றியல், பெண்ணியல் துறைகளில் இருப்போர் இக்கோரிக்கையைப் பாதுகாப்புப் பணியகத்துக்கு எழுத்துமூலம் அனுப்புவது கடினமன்று. கைவினைப் பெண்களின் உழைப்பு குறித்து ஆய்வேடுகள் எழுதிப் பட்டம் பெறும் துறைகளுக்கு, அப்பெண்களின் கருவிக்காக ஒரு பக்க மனு எழுதும் கடமையும் உண்டு.