கரி பூச வேண்டியதில்லை

நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது கிறிஸ்து பிறப்பு நாடகம் நடத்தினோம். யாருக்கு எந்த வேடம் என்று தீர்மானிக்கும் மாணவியர் குழுவில் நானும் இருந்தேன். மாதாவுக்கும் சம்மனசுகளுக்கும் சிவந்த நிறமுடையவர்களையே தேர்ந்தெடுத்தோம். மூன்று ராஜாக்களுள் பல்தசாரைக் கறுப்பராகக் காட்டுவது வழக்கமல்லவா? அந்த வேடத்துக்கு என் தோழி ஒருத்தியின் பெயரைச் சொல்லி, "இவளுக்குக் கரி பூச வேண்டியதில்லை" என்றேன். எல்லோரும் சிரித்தனர். அவளும் சிரித்தாள்.

சென்ற கோடை விடுமுறையில் சாண்ட்ரா லெயிங் என்ற தென்னாப்பிரிக்கப் பெண்ணின் வரலாற்றைப் படித்தேன். அன்று முதல் அந்தச் சிரிப்பு என்னை உறுத்திக் கொண்டே இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் 1950-ஆம் ஆண்டு, மக்களை இனவாரியாகப் பதிவு செய்யும் சட்டம் ஒன்று வந்தது. 1991-இல்தான் அது நீக்கப்பட்டது. ஒருவர் எங்கே குடியிருக்கலாம், யாரை மணக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம் என்பதெல்லாம் அந்தப் பதிவைப் பொறுத்தே அமைந்தன. சாண்ட்ரா 1955-இல் வெள்ளையர்களான தாய் தந்தையருக்குப் பிறந்தவர். ஆனால் அவருக்கு மாநிறம், சுருட்டை முடி. வெள்ளையர் பள்ளி விடுதியில் தங்கிப் படித்துக் கொண்டிருந்த அந்தப் பத்து வயதுச் சிறுமியைப் பள்ளியிலிருந்து நீக்கிப் போலீசார் வீட்டில் கொண்டுபோய் விட்டனர். 1966-இல் அரசு அவரைக் 'கலப்பினத்தவர்' என்று எழுதிக் கொண்டது. தந்தை இரத்தப் பரிசோதனை செய்து கொண்டார். சாண்ட்ரா அவருடைய மகளே என்பதற்கு மாறாக எதுவும் அதில் இல்லை. மறுஆண்டு சட்டம் திருத்தப்பட்டதும் சாண்ட்ரா மீண்டும் 'வெள்ளையர்' ஆனார். அதே உடல், அதே இரத்தம். இனம் மட்டும் இரு முறை மாறியது!

இது எப்படி நேர்ந்தது? அவருடைய பெற்றோரின் மூதாதையருள் ஆப்பிரிக்கரும் இருந்திருக்க வேண்டும். நிறத்தைத் தீர்மானிக்கும் ஜீன்கள் பல. அவை தலைமுறைகளாக மறைந்திருந்து, ஒரு குழந்தையிடம் ஒன்றுசேர்ந்து வெளிப்படலாம். நம் வீடுகளில் அக்காவும் தங்கையும் ஒரே நிறமாகவா இருக்கிறார்கள்?

அந்த ஜீன்களில் ஒன்றை 2005-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு சிறு மீனிடமிருந்து அறிந்து கொண்டனர். உடலில் கருங்கோடுகள் கொண்ட 'ஸீப்ரா' மீன்களுள் சில வெளிறிய நிறத்தில் பிறப்பதன் காரணத்தைத் தேடினார்கள். ஒரு ஜீன் பழுதுபட்டிருந்தது. அதே ஜீன் மனிதரிடமும் உண்டு. ஐரோப்பியர் ஏறக்குறைய அனைவரிடமும் அதில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அந்த மாற்றம் ஐரோப்பியருக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவிலும், தென்னிந்தியாவிலுங்கூட ஏராளமானோரிடம் உண்டு. சீனரும் ஜப்பானியரும் வெளிர் நிறம் பெற்றதோ பெரும்பாலும் வேறு ஜீன்களால். மனிதனின் மரபுத் தொகுதியில் உள்ளவை ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளில் 'சிவந்த நிற மணமகள் தேவை' என்று விளம்பரம் செய்வோர் தேடுவது அவற்றுள் எத்தனை எழுத்துக்களை என்று எண்ணிப் பார்த்தேன், சிரிப்பு வந்தது.

இன்னொரு வியப்பு. இங்கிலாந்தில் செடார் என்னும் இடத்துக் குகையில் 1903-இல் ஒரு மனித எலும்புக்கூடு கிடைத்தது. வயது ஏறக்குறைய 10,000 ஆண்டுகள். 2018-இல் அதன் மரபணுவை ஆராய்ந்தவர்கள், அம்மனிதனின் கண்கள் நீலமாகவும் தோல் நல்ல கறுப்பாகவும் இருந்திருக்கக்கூடும் என்றனர். ஆங்கிலேயர் தம் நாட்டின் பழங்குடி மனிதனைத் தெருவில் கண்டால் அந்நியன் என்றல்லவா எண்ணியிருப்பார்கள்!

என் அண்ணன் கல்லூரியில் படிப்பவர். எளிதில் விடமாட்டார். "உமிழ்நீரைச் சோதித்து, முன்னோர் எந்தக் கண்டத்தினர் என்று சொல்லிவிடுகிறார்களே. பிறகு இனம் என்பதே இல்லை என்றால் எப்படி?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நம் எல்லோருடைய முன்னோரும் ஆப்பிரிக்காவில் வாழ்ந்தவர்கள். அங்கிருந்து பல திசைகளிலும் பரவிய மக்கள் வாழ்ந்த இடங்களின் சிறு அடையாளங்கள் ஜீன்களில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை, அப்புறம் மேற்கே ஐரோப்பா வரை ஊர் ஊராக நடந்து பாருங்கள். முகங்கள் மெல்ல மெல்ல மாறும். எந்த ஊரில் நின்று கோடு கிழிப்பது? லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் 18-ஆம் நூற்றாண்டில் மனிதரை நான்கு வகையாகப் பிரித்தார். அவருக்குப் பின் வந்த ஜெர்மானியரான புளூமன்பாக் ஐந்து என்றார். இயற்கையே போட்ட கோடானால் எண்ணிக்கை ஏன் மாறுகிறது?

மரபியல் அறிஞர் ரிச்சர்ட் லெவான்டின் 1972-இல் உலகின் பல பகுதி மக்களின் இரத்த வகைகளையும் புரதங்களையும் கணக்கிட்டார். மனிதருக்கிடையே உள்ள வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே சமூகத்துக்குள்ளேயே காணப்பட்டது. 'இனங்களுக்கு' இடையே இருந்தது ஏறக்குறைய 6 சதவீதந்தான். இதை என் வீட்டிலேயே காணலாம். அம்மா 'ஓ' பிரிவு, நான் 'பி' பிரிவு. அம்மாவுக்கு ஆபத்தென்றால் பெற்ற மகளான என் இரத்தம் உதவாது. எங்கோ நார்வேயில் இருக்கும் 'ஓ' பிரிவுக்காரரின் இரத்தம் உதவக்கூடும். அண்ணன் இதற்குப் பதில் சொல்லவில்லை. ஒப்புக்கொண்டதாகவும் சொல்லவில்லை.

இக்கட்டுரையை ஆண்டு மலருக்குக் கொடுக்குமுன் என் தோழியிடம் காட்டினேன். மீன் கதையை இரண்டு முறை படித்தாள். பிறகு, "அன்று நானும் சிரித்தேன் என்று எழுதியிருக்கிறாயே. வீட்டுக்குப் போய் என்ன செய்தேன் தெரியுமா?" என்றாள். எனக்குக் கேட்கத் துணிவு வரவில்லை. தன் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்றாள். எழுதவில்லை.