ஈரத் தரையில் ஓடியவன்



ஒரு பிள்ளை தேறுவானா, தேறமாட்டானா என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை காண ஆண்டுதோறும் பெரும் பணத்தைக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பள்ளிக்கூடத்தாரும் அல்லர், கல்வி இலாகாவினரும் அல்லர். அமெரிக்காவில் பந்தாட்டக் குழுக்களை நடத்தும் முதலாளிகள்! அவர்கள் இளைஞர்களை எப்படி எடைபோடுகிறார்கள், எங்கே சரியாகக் கணித்தார்கள், எங்கே ஏமாந்து போனார்கள் என்பதை இந்த இதழில் பார்ப்போம். பிள்ளை பெற்ற நமக்கு அதில் படிப்பினை உண்டு.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்கர்கள் ‘ஃபுட்பால்’ என்று சொல்வது நம் திடல்களில் பிள்ளைகள் உதைத்து விளையாடும் காற்பந்து அன்று. இரு முனையும் கூம்பிய பந்து. அதைக் கையால் எறிந்தும், மார்போடு அணைத்துக்கொண்டு ஓடியும் எதிர்ப்பக்க எல்லைக்குள் கொண்டு சேர்க்கவேண்டும். பக்கத்துக்கு 11 பேர். தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து முட்டி மோதுவார்கள். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவருக்குக் ‘குவார்ட்டர்பேக்’ என்று பெயர். கப்பலுக்கு மாலுமி எப்படியோ, குழுவுக்கு அவர் அப்படி.

தொழில்முறையில் ஆடும் குழுக்கள் 32. புதிய ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களிலிருந்தே வருகிறார்கள். ஆனால் ஓர் இளைஞன் தனக்குப் பிடித்த குழுவிடம் நேரே போய் வேலை கேட்டுவிட முடியாது. ஒவ்வோர் ஏப்ரல் மாதமும் குழுக்கள் வரிசையாக ஆள் பொறுக்கும். அதற்கு ‘டிராஃப்ட்’ என்று பெயர். சென்ற பருவத்தில் கடைசியாக வந்த குழுவுக்கு முதல் வாய்ப்பு. வாகை சூடிய குழுவுக்குக் கடைசி வாய்ப்பு. இப்படி 7 சுற்று நடக்கும். 2024-ஆம் ஆண்டில் மொத்தம் 257 பேர் எடுக்கப்பட்டார்கள். தகுதி பெற்று நிற்கும் கல்லூரி ஆட்டக்காரர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட உள்ளே போவதில்லை.

இந்த முறையைக் கொண்டுவந்தவர் பெர்ட் பெல் என்பவர். பிலடெல்பியா குழுவின் முதலாளி. பணம் படைத்த குழுக்களே நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் வாரிக்கொண்டு போனதால், 1935-இல் இந்த யோசனையை முன்வைத்தார். 1936-இல் முதல் தெரிவு நடந்தது. ஒரு கரும்பலகையில் 90 பெயர்களை எழுதி வைத்து, அதைப் பார்த்துத்தான் ஆள் எடுத்தார்கள். பத்திரிகையில் படித்ததும் பிறர் சொல்லக் கேட்டதுமே அன்று ஆதாரம். முதன்முதலில் எடுக்கப்பட்டவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். சம்பளப் பேச்சு ஒத்துவராததால் அவர் தொழில்முறையில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. எங்கே வேலைக்குப் போனார் தெரியுமா? சிகாகோவில் ஒரு ரப்பர் நிறுவனத்துக்கு! பால்மரத்தை நம்பி வாழ்ந்த நமக்கு இது சுவையான சேதிதான்.

இன்று நிலைமை அடியோடு மாறிவிட்டது. தேர்வாளர்கள் ஊர் ஊராகப் போய்க் கல்லூரி ஆட்டங்களைப் பார்க்கிறார்கள். படம் பிடித்த ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள். பயிற்சியாளரிடம் மட்டுமா விசாரிக்கிறார்கள்? படிப்பைக் கவனிக்கும் அலுவலரிடமும், ஆட்டச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் பணியாளரிடமும் கேட்கிறார்கள். பெரியவர்கள் முன்னே பணிவாக நிற்கும் பையன், தன் அழுக்குச் சட்டையை எடுத்துத் துவைக்கப் போடுகிறவரிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்பதும் கணக்கில் வருகிறது.

பிறகு பெரிய பரிசோதனை. 1987-ஆம் ஆண்டு முதல் அது இண்டியானாபோலிஸ் நகரில் நடந்து வருகிறது. அழைப்புப் பெற்ற 300-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் அங்கே கூடுவார்கள். உயரம், எடை, கையின் நீளம், உள்ளங்கையின் அகலம் எல்லாவற்றையும் அளப்பார்கள். 40 கெஜ தூரத்தை எத்தனை வினாடியில் ஓடுகிறான், 225 ராத்தல் பளுவைப் படுத்தபடி எத்தனை தடவை தூக்குகிறான், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் எம்புகிறான் என்று பார்ப்பார்கள். குழுக்களின் மருத்துவர்கள் ஒவ்வொரு மூட்டையும் அழுத்திப் பார்ப்பார்கள். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பது போலிருக்கிறதே என்று தோன்றுகிறதல்லவா? அந்த நாட்டிலும் அப்படிக் குறை சொல்பவர்கள் உண்டு.

ஆனாலும் அளவுகோலை ஒரேயடியாக வெறுத்து ஒதுக்கவேண்டாம். அளவுகோலுக்கு முகதாட்சணியம் கிடையாது. ஷக்கீம் கிரிஃபின் என்ற இளைஞரின் கதையைக் கேளுங்கள். பிறவியிலேயே இடக்கை சரியாக வளராததால் 4 வயதில் அந்தக் கை அகற்றப்பட்டது. ஒற்றைக் கையோடு கல்லூரி ஆட்டத்தில் பேர் வாங்கியும், 2018-ஆம் ஆண்டுப் பரிசோதனைக்கு முதலில் அவருக்கு அழைப்பு வரவில்லை, பிந்தித்தான் வந்தது. போனார். செயற்கைக் கையைப் பொருத்திக்கொண்டு அந்தப் பளுவை 20 தடவை தூக்கினார். 40 கெஜத்தை 4.38 வினாடியில் ஓடினார். அவர் ஆடும் இடத்துக்கு அது அசாத்திய வேகம். கையில்லாதவனுக்கு எதற்கு இந்த ஆட்டம் என்று கேட்டவர்களுக்குக் கடிகாரமே பதில் சொல்லிவிட்டது. சியாட்டல் குழு 5-ஆவது சுற்றில் அவரை எடுத்துக்கொண்டது.

கடிகாரம் உண்மையைத்தான் சொல்லும். ஆனால் முழு உண்மையையும் சொல்லிவிடுமா?

2000-ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து டாம் பிரேடி என்ற குவார்ட்டர்பேக் வந்தார். ஒல்லி உடம்பு. 40 கெஜத்தை ஓட அவருக்கு 5.28 வினாடி பிடித்தது. ஆமை வேகம் என்றார்கள். அவருக்கு முன்னே 6 குவார்ட்டர்பேக்குகளை எடுத்தார்கள். 6-ஆவது சுற்றில், 198 பேர் போனபிறகு 199-ஆவது ஆளாக நியூ இங்கிலாந்து குழு அவரை எடுத்தது. பின்னர் நடந்ததை உலகம் அறியும். ‘சூப்பர் பௌல்’ எனப்படும் இறுதிப் போட்டியில் அவர் 7 முறை வாகை சூடினார். கால் வேகத்தை அளந்தவர்கள், நெருக்கடியில் பதறாத மனத்தை அளக்கக் கருவி இல்லாமல் போனார்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1998-இல் பேட்டன் மேனிங், ரையன் லீஃப் என்ற இருவரில் முதலில் யாரை எடுப்பது என்று அமெரிக்காவே பட்டிமன்றம் நடத்தியது. இருவருக்கும் நல்ல உயரம், நல்ல கைவலிமை. மேனிங் முதல் ஆளாகவும், லீஃப் இரண்டாவது ஆளாகவும் போனார்கள். மேனிங் 5 முறை சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். லீஃபை எடுத்த சான் டியேகோ குழுவோ, மூன்று பருவம் முடிந்ததும் அவரை விலக்கிவிட்டது. தோல்வியைத் தாங்கும் பக்குவம் அந்த வயதில் அவரிடம் இல்லை. அளவு நாடாவில் அதற்குக் கோடு ஏது?

அப்படியானால் எப்படித்தான் பார்ப்பது? இதற்கு வழிகாட்டியாக எனக்குத் தோன்றுகிறவர் பில் நன் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர்.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 1960-களின் தொடக்கம் வரை பெரிய பல்கலைக்கழகங்கள் பல கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கென்று தனிக் கல்லூரிகள் இருந்தன. அங்கே நல்ல ஆட்டக்காரர்கள் நிறைந்திருந்தும், எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. பில் நன் ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ என்ற கறுப்பின வார ஏட்டின் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். அந்தக் கல்லூரிகளுக்கெல்லாம் நேரே போய், ஆண்டுதோறும் சிறந்த ஆட்டக்காரர்களின் பட்டியலை வெளியிட்டு வந்தார். தம் ஊர்க் குழுவான ஸ்டீலர்ஸ் இந்தப் பிள்ளைகளைக் கண்டுகொள்வதில்லை என்ற மனத்தாங்கல் அவருக்கு இருந்தது. அதை அறிந்த குழுவின் ரூனி குடும்பத்தார் அவரைக் கூப்பிட்டுப் பேசினார்கள். குறை சொன்னவரிடமே, நீரே வந்து எங்களுக்கு ஆள் தேடித் தாரும் என்று வேலையைக் கொடுத்தார்கள். இது 1960-களின் பிற்பகுதியில் நடந்தது. 1933-இல் தோன்றிய அந்தக் குழு அதுவரை ஒரு பட்டமும் வென்றதில்லை.

1974-ஆம் ஆண்டுத் தெரிவுக்கு முன்பு, அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் ஊரில் ஒரு கறுப்பினக் கல்லூரிக்குப் பல குழுக்களின் தேர்வாளர்கள் போனார்கள். அங்கே ஜான் ஸ்டால்வொர்த் என்ற இளைஞரை ஓடவிட்டுப் பார்த்தார்கள். தரை ஈரம். ஓட்டம் சுமார்தான். நேரத்தைக் குறித்துக்கொண்டு எல்லாரும் அடுத்த ஊருக்குக் கிளம்பினார்கள். பில் நன் மட்டும் உடம்புக்கு முடியவில்லை என்று சாக்குச் சொல்லித் தங்கிவிட்டார். மறுநாள் காய்ந்த தரையில் அந்த இளைஞரை மறுபடி ஓடச் சொன்னார். நேற்றைய ஓட்டம் வேறு, இன்றைய ஓட்டம் வேறு! அந்தக் குழுவின் வரலாற்றைச் சொல்பவர்கள் இன்றும் விரும்பிச் சொல்லும் கதை இது.

ஸ்டீலர்ஸ் குழு 4-ஆவது சுற்றில் ஸ்டால்வொர்த்தை எடுத்தது. அதே ஆண்டு எடுத்த மற்ற மூவர் லின் ஸ்வான், ஜாக் லாம்பர்ட், மைக் வெப்ஸ்டர். இந்த நால்வரும் பின்னர் அந்த ஆட்டத்தின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார்கள். யாருமே எடுக்காமல் விட்ட டானி ஷெல் என்ற இன்னொரு கறுப்பினக் கல்லூரி இளைஞரையும் அக்குழு அதே ஆண்டு சேர்த்துக்கொண்டது. அவரும் அந்த மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தார். 40 ஆண்டு பட்டம் காணாத குழு, 1974 முதல் 1979 வரை 6 பருவங்களில் 4 முறை வாகை சூடியது. பில் நன் 2014-இல் மறைந்தார். 2021-இல் அவருக்கும் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தது.

மற்றவர்களுடைய கடிகாரம் பழுது என்று சொல்ல முடியாது. அதில் விழுந்த நேரம் சரியான நேரம்தான். ஆனால் எந்தத் தரையில் ஓடினான் என்று கேட்டவர் ஒருவரே. அவரைப் போன்ற பிள்ளைகள் எந்தத் தரையில் ஓடி வளர்கிறார்கள் என்பதை அறிந்தவர் என்பதால்தான் கேட்கத் தோன்றியது.

இன்னொருவரையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மைரன் ரோல் என்பவர் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிறந்த ஆட்டக்காரர், படிப்பிலும் சூரர். ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க ரோட்ஸ் உபகாரச் சம்பளம் பெற்று, அதற்காக ஒரு பருவ ஆட்டத்தையே விட்டுக்கொடுத்தார். 2010-இல் தெரிவுக்கு வந்தபோது, படிப்பில் இவ்வளவு நாட்டம் உள்ளவனுக்கு ஆட்டத்தில் மனம் நிலைக்குமா என்று தேர்வாளர்கள் ஐயப்பட்டார்கள். கூட்டாளிகளை விட்டுப் போனாயே என்றுகூடக் கேட்டார்களாம். 6-ஆவது சுற்றில்தான் எடுக்கப்பட்டார். ஆட்ட வாழ்வும் நிலைக்கவில்லை. அவர் மருத்துவம் படித்து, மூளை நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறைக்குப் போனார். அந்தப் பரிசோதனை மண்டபத்தில் குறையாகத் தெரிந்தது எதுவோ, அதுவே அவரைக் காப்பாற்றியது. விளையாட்டில் கெட்டிக்காரப் பிள்ளைகள் நம்மிடையே நிறைய உண்டு. பந்தும் இருக்கட்டும், புத்தகமும் இருக்கட்டும். நூற்றில் இருவருக்குக்கூடத் திறக்காத கதவை மட்டும் நம்பிப் பிள்ளையை நிறுத்தாதீர்கள்.

பெற்றோர்களே, தோட்டத்தில் இருந்தாலும் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்திருந்தாலும் நம் வீடுகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. பரீட்சை முடிவு வந்த அன்று மாலைக்குள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். ‘இவனுக்குப் படிப்பு ஏறாது, வேலைக்குப் போகட்டும்’ என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையில் ஒரு பிள்ளையின் 40 ஆண்டு வாழ்க்கை முடிவாகிவிடுகிறது.

மதிப்பெண் பொய் என்று நான் சொல்லவில்லை. கணக்கில் 30 வாங்கியவனுக்குக் கணக்கு வரவில்லை என்பது மெய். அதை மூடி மறைப்பதும் பிள்ளைக்குச் செய்யும் துரோகம். ஆனால் கூடவே சிலவற்றை விசாரியுங்கள். பரீட்சை நேரத்தில் வீட்டில் நோயாளி யாரும் இருந்தார்களா? இரவில் விளக்கருகே உட்காரக் குழந்தைக்கு ஓர் இடம் இருந்ததா? அப்பாவும் அம்மாவும் விடியுமுன் வேலைக்குப் போய்விட, தம்பி தங்கைகளைக் கவனித்தது யார்? வகுப்பாசிரியரிடம் மட்டும் கேட்காமல், பந்து சொல்லிக்கொடுப்பவரிடமும், பக்கத்து வீட்டுப் பாட்டியிடமும் கேளுங்கள். அவர்கள் கண்ட பிள்ளை வேறாக இருக்கலாம். பிறகு காய்ந்த தரையில் இன்னொரு தடவை ஓடவிடுங்கள். மறுபடி எழுதட்டும், அல்லது கைத்தொழில் பள்ளியில் சேரட்டும். அதிலும் ஓடவில்லை என்றால், அப்போது வேறு வழி பார்க்கலாம்.

அந்தத் தேர்வாளருக்குச் செலவானது ஒரே ஒரு நாள். நம் பிள்ளைக்காக நாமும் ஒரு நாள் கூடுதலாகத் தங்கக் கூடாதா?