எண்ணுக்குப் பின்னும் ‘கள்’ வேண்டுமா?

தமிழ்ப்பள்ளி மாணவரின் கட்டுரை ஏடுகளைப் புரட்டினால் சிவப்புக் கோடு ஒன்றை அடிக்கடி காணலாம். “மரத்தடியில் ஐந்து ஆடு நின்றன” என மாணவன் எழுதுகின்றான். ஆசிரியர் அதனை ‘ஆடுகள்’ என்று திருத்தி, ஒரு மதிப்பெண்ணையும் குறைத்து விடுகின்றார். காரணம் வினவினால், “ஒன்றுக்கு மேற்பட்டால் பன்மை விகுதி கட்டாயம்” என்று விடை வருகின்றது.

இக்கட்டாயத்தை விதித்தவர் யாவர்? தொல்காப்பியர் அல்லர். ‘கள்’ ஈறு அஃறிணைப் பெயரோடு வரும் என்று பெயரியலில் கூறிய அவரே, அஃறிணை இயற்பெயரின் ஒருமை பன்மையை வினை காட்டும் என்றும் கூறினார். நன்னூலாரோ இத்தகைய பெயரைப் ‘பால்பகா அஃறிணைப் பெயர்’ என்றே வழங்கினார். 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லும், அஃறிணைப் பெயர்கள் பன்மை விகுதி பெறுதல் அருகிய வழக்கே என்று கண்டார். மேலை மொழிகளில் பயின்று வந்தவருக்குத் தெரிந்த இவ்வுண்மை நம்மவருக்குத் தெரியாமற் போனது விந்தையே!

உண்மையில் இவ்விதி ஆங்கில வகுப்பறையிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் ‘இரண்டு’ என்று சொன்ன பின்னும் பெயரோடு ‘எஸ்’ சேர்த்தே ஆகவேண்டும். எண் அறிவித்த செய்தியையே விகுதியும் அறிவிக்கின்றது. பொருள் நோக்கில் அது மிகை. எனினும் அம்மொழியின் மரபு அது. அங்கும் ‘டென் டாலர் நோட்’ என்னும்போது டாலருக்கு ‘எஸ்’ இல்லை. ‘டூ டஜன்’ என்னும்போது டஜனுக்கும் இல்லை. கடன் கொடுத்தவர் வீட்டிலேயே விலக்கு உண்டு. கடன் வாங்கியவரோ விலக்கே அறியார்.

எட்டுத்தொகையை ‘எட்டுத்தொகைகள்’ என்பார் உண்டா? பத்துப்பாட்டு, ஐம்பொறி, முக்கனி, அறுசுவை ஆகியவற்றுள் எதற்கு விகுதி குறைந்தது? அவை தொகைச்சொற்கள் எனச் சிலர் தப்பிக்க முயல்வர். அங்ஙனமாயின் பத்து வெள்ளி, மூன்று மைல், இரண்டு நாள் விடுப்பு என்பனவற்றுக்கு என்ன விடை? “ஐந்நூறு மரம் வெட்டினேன்” என்று கணக்குச் சொன்ன பால்மரத் தொழிலாளி பிழையாகவா பேசினார்? தோட்டத்தில் ஒரு கள் செய்த கேடு போதாதென்று, ஏட்டிலும் ஒரு கள்ளை ஊற்ற வேண்டுமா?

இந்நாட்டு மாணவனின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவன் மலாய்மொழியும் பயில்கின்றான். அங்கே ‘புக்கு’ என்பதை இரட்டித்தால் நூல்கள். எண் வந்துவிட்டால் இரட்டித்தல் கூடாது. ‘டுவா புவா புக்கு’ என்பதே முறை. ஆகவே பன்மை சேர்த்தமைக்காக மலாய் ஏட்டில் மதிப்பெண் இழப்பவன், சேர்க்காமைக்காகத் தமிழ் ஏட்டில் இழக்கின்றான். இவ்விடத்தில் மலாயும் தமிழும் ஒத்த இயல்பின என்று சொல்லித் தந்திருந்தால் இருமொழியும் எளிதாகியிருக்கும்.

‘ஐந்து ஆடுகள்’ என்று எழுதுதல் பிழை என்பது இங்கு வாதமன்று. அது ஏற்புடைய வழக்கே; விரும்புவோர் எழுதலாம். விகுதியின்றி எழுதுவோனைத் தண்டித்தலே தவறு. உயர்திணையின் நிலை வேறு. ‘ஐந்து மாணவன்’ என்பது எவ்வாற்றானும் பொருந்தாது. ‘மாணவர்’ என்றோ ‘மாணவர்கள்’ என்றோ வரவேண்டும். “ஐந்து ஆடு நின்றது” என்று ஏட்டில் எழுதினால் அந்த வினையைத் திருத்தட்டும். பன்மை காட்டும் பொறுப்பு அங்கே அதற்குரியது.

மிகையைக் களைய வேண்டுமெனில் வேலை நிறையக் கிடக்கின்றது. “சுமார் 50 பேர் வரை வந்தனர்” என்பர். சுமாரும் வரையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. “ஏறத்தாழ 213 பேர்” என்பர். தலையெண்ணிய பிறகு ஏறுவதேது, தாழ்வதேது? ‘ஐந்து ஆடு’ திருத்தப்பட்ட அதே பக்கத்தில், “ஒவ்வொரு மாணவர்களும் மரம் நடவேண்டும்” என்ற தொடர் கோடு படாமல் நிற்கின்றது.