வடிவம் செல்லும், பொருள் செல்லுமா?

நம் இதழுக்கு வரும் லோஜ்பன் (தர்க்க அடிப்படையில் உருவாக்கப்பட்ட செயற்கை மொழி) கட்டுரைகளில் புதிதாகக் கட்டிய லுஜ்வோக்கள் (கூட்டுச்சொற்கள்) கூடிக்கொண்டே வருகின்றன. மொழி புழக்கத்தில் இருக்கிறது என்பதற்கு இது நல்ல அடையாளம். வடிவத்தில் பிழை அரிது; கணினி நிரல் அதைப் பார்த்துக்கொள்கிறது. ஆனால் பல கட்டுரைகளில் சொல் மட்டும் இருக்கிறது. எந்தத் தன்ருவிலிருந்து (சொற்சேர்க்கை) வந்தது, அதன் இட அமைப்பு (எந்த இடத்தில் யார், எது வரும் என்ற வரிசை) என்ன என்ற குறிப்பு இல்லை. நிரல் ‘சரி’ என்று சொன்னதும் வேலை முடிந்தது என்று எழுதுபவர் எடுத்துக்கொள்கிறார். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

முதலில் வடிவம். நிரலை நம்பி விதிகளின் காரணத்தை மறந்தவர்கள், பேசும்போது ஒரு சொல்லைக் கட்ட வேண்டி வந்தால் தடுமாறுகிறார்கள். விதிகளின் காரணம் ஒன்றுதான்: காதில் விழும் ஒலித்தொடரை ஒரே விதமாகத்தான் சொற்களாகப் பிரிக்க முடிய வேண்டும். சொன்ஷி என்றால் படைவீரர், சன்மி என்றால் சாப்பாடு. இவற்றின் குறுகிய ராஃப்சிகள் (லுஜ்வோவுக்குள் வரும் வடிவங்கள்) சொய், சை. அப்படியே ஒட்டினால் ‘சொய்சை’. ஆனால் சொய், சை இரண்டுமே தனித்தனி ஷ்மாவோக்கள் (சிறு இலக்கணச் சொற்கள்). கேட்பவருக்கு இரண்டு சிறு சொற்கள்தான் கிடைக்கும். லுஜ்வோவின் முதல் ஐந்து எழுத்துக்குள் (மேற்புள்ளியும் ‘ஒய்’யும் கணக்கில் சேராது) இரண்டு மெய்கள் சேர்ந்து நின்றாக வேண்டும். அதற்காகவே நடுவில் ‘ஆர்’ வந்து ‘சொய்ர்சை’ ஆகிறது. அடுத்த ராஃப்சியே ‘ஆர்’ ஒலியில் தொடங்கினால் அந்த இடத்தில் ‘என்’.

தொஸ்மப்ரு சோதனையும் இதே கவலையில் பிறந்ததுதான். தொஸ், மப்ரு இரண்டையும் ஒட்டினால் நடுவில் வரும் ‘ஸ்ம’ ஒரு சொல்லின் தொடக்கத்திலும் வரக்கூடிய மெய்யிணை. பின்னால் உள்ள ‘ப்ர’வும் அப்படியே. விளைவு, ‘தொ’ கழன்று ‘ஸ்மப்ரு’ தனிச் சொல்லாக நின்றுவிடும். ‘தொ’ என்பது அடைப்புக்குறியைத் திறக்கும் ஷ்மாவோ. கேட்பவர் அடைப்புக்குறி எப்போது மூடும் என்று காத்திருப்பார். ‘ஒய்’யின் சிற்றொலியை நடுவில் வைத்து ‘தொஸமப்ரு’ என்றால் சிக்கல் தீர்ந்தது.

மெய்ம்மயக்க விதியில் தமிழர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை. ஒலிப்புள்ள மெய்யும் ஒலிப்பில்லாத மெய்யும் அடுத்தடுத்து நிற்கக் கூடாது என்பது லோஜ்பன் விதி. ‘எல்’, ‘எம்’, ‘என்’, ‘ஆர்’ நான்கும் விலக்கு. நம் எழுத்தில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. சொல்லைத் தமிழில் குறித்துக்கொண்டு சரிபார்க்காதீர்கள், ரோமன் எழுத்தில் எழுதிப் பாருங்கள்.

ஒரே தன்ருவுக்குப் பல வடிவங்கள் கிடைக்கும்போது எதைத் தேர்வது? கெர்கு (நாய்), ஸ்தானி (வீடு) இரண்டையும் இணைத்துப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் 1000 கூட்டி, மேற்புள்ளிக்கு 500 கழித்து, இணைப்பொலிக்கு 100 கூட்டி, ராஃப்சியின் அமைப்புக்கு உரிய புள்ளிகளைப் பத்தால் பெருக்கிக் கழித்து, கடைசியில் (‘ஒய்’ நீங்கலாக) உயிர்களின் எண்ணிக்கையையும் கழித்தால் மதிப்பெண் வரும். குறைந்ததே சிறந்தது. கெர்ஸ்தா 5878, கெஹுஸ்தா 6367, கெர்ஸ்தானி 7917, கெர்கஸ்தா 8008, கெஹுர்ஸ்தானி 9506, கெர்கஸ்தானி 10047. ஆறும் செல்லும், ஆறும் ஒரே சொல்தான், பொருளில் இம்மியும் வேறுபாடு கிடையாது. அகராதியில் முதலிடம் கெர்ஸ்தாவுக்கு என்பதோடு இந்தக் கணக்கின் அதிகாரம் முடிகிறது. புதிய சொல்லை முதன்முதலாக வாசகர் முன் வைக்கும்போது நீண்ட வடிவத்தை எழுதுவதே நல்லது என்பேன். கெர்கஸ்தானியைக் கேட்டவுடன் கெர்குவும் ஸ்தானியும் நினைவுக்கு வந்துவிடும். நம் கட்டுரையாளர்கள் மதிப்பெண்ணுக்குத் தரும் மரியாதை சற்று அதிகம்.

இனி பொருள். ஜிர்னா என்ற கிஸ்முவின் (வேர்ச்சொல்) முதல் இடம் கொம்பு. இரண்டாம் இடம் அந்தக் கொம்பை உடைய விலங்கு. புராணக் கதைகளில் வரும் ஒற்றைக் கொம்புக் குதிரைக்குச் சொல் வேண்டும். ‘ஒன்று’ என்பதற்கான ‘பவ்’ என்ற ராஃப்சியை முன்னால் வைத்து ‘பவ்ஜிர்னா’ என்று கட்டினால் எல்லா வடிவச் சோதனைகளிலும் தேறும். ஆனால் கையில் இருப்பது ஒரு கொம்புதான், விலங்கு வரவில்லை. இடங்களை மாற்றும் ‘செ’யின் ராஃப்சியான ‘செல்’ நடுவில் வந்தாக வேண்டும். ‘பவ்’வின் கடைசி மெய் ஒலிப்புள்ளது, ‘செல்’லின் முதல் மெய் ஒலிப்பில்லாதது. எனவே இடையில் ‘ஒய்’ சேர்ந்து ‘பவசெல்ஜிர்னா’. இன்று வழக்கில் இருக்கும் சொல் இது. தமிழில் ‘பொற்றொடி’ என்றால் தொடியை விட்டு, அதை அணிந்த பெண்ணிடம் நம் மனம் தானாகப் போய்விடும். அன்மொழித்தொகையில் நமக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். அந்தப் பழக்கத்தோடு லுஜ்வோ கட்ட உட்கார்ந்தால் ‘செல்’ விடுபட்டுப் போகும். நம்மவர் கட்டும் சொற்களில் நான் அடிக்கடி பார்க்கும் குறை இதுவே.

ஜான் கோவன் 1997இல் வெளியிட்ட இலக்கண நூல் சொல் வடிவத்துக்கு நான்காம் அத்தியாயத்தை ஒதுக்கியது. லுஜ்வோவின் இட அமைப்புக்கென்று பன்னிரண்டாம் அத்தியாயம் முழுவதையும் தனியே தந்தது. கெர்ஸ்தாவில் வீட்டின் இரண்டாம் இடமும் நாயின் முதல் இடமும் ஒன்றாகின்றன: நாய்க்கான வீடு. பன்லி, சொன்ஷி இரண்டும் சேர்ந்த ‘பல்சொய்’யிலோ (மாவீரர்) இரண்டின் முதல் இடங்களும் ஒருவரையே சுட்டுகின்றன. நன்னூல் படித்தவர்கள் முன்னதை வேற்றுமைத்தொகை என்றும் பின்னதைப் பண்புத்தொகை என்றும் வைத்துக்கொள்ளலாம், பெரிதாகத் தவறாது. ஆனால் எது எது என்று எழுதிக் காட்டுவது சொல்லைக் கட்டியவரின் பொறுப்பு. கெர்குவின் இரண்டாம் இடம் நாயின் இனம். அது கெர்ஸ்தாவில் நிற்குமா? எந்த நாய் என்று தெரிந்தால் இனமும் தெரிந்துவிடும், விட்டுவிடலாம் என்பது என் கட்சி. மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதலாம்.

தன்ரு இடமிருந்து வலமாகத்தான் கூடும் என்பதையும் மறக்கக் கூடாது. அத்துமீறி நுழைவதைக் குறிக்க ஸெக்ரி (குற்றம்), நென்ரி (உள்), க்லாமா (போ) மூன்றும் சேர்ந்து ‘ஸெர்நெர்க்லா’ என்று வழங்குகிறது. விதிப்படி பிரித்தால் ‘குற்றமான உட்புறம்’ என்பது முதலில் கூடும். ‘உள்ளே போதல்’ முதலில் கூட வேண்டுமானால், பின்வருபவற்றை ஒன்றாகக் கட்டும் ‘கெம்’ என்ற ராஃப்சி வேண்டும்: ஸெர்கெம்நெர்க்லா. பொருள் குழம்பாத இடத்தில் ‘கெம்’மை விடுவது ஏற்கப்பட்ட வழக்கம், அதில் எனக்கு வழக்கு இல்லை. விட்டதைத் தெரிந்து விட்டாரா, தெரியாமல் விட்டாரா என்பது மூலத் தன்ருவை உடன் எழுதினால்தான் வாசகருக்குத் தெரியும்.

அடுத்த இதழிலிருந்து புதிய லுஜ்வோ ஒவ்வொன்றுடனும் மூலத் தன்ரு, இட அமைப்பு, எல்லா இடங்களும் நிரம்பிய ஒரு வாக்கியம் ஆகிய மூன்றையும் அனுப்புங்கள். அந்த வாக்கியத்தை எழுதும்போதே ‘செல்’ விடுபட்டது பலருக்குத் தெரிந்துவிடும். மூன்றும் இல்லாத சொற்கள் திருத்தத்துக்காக உங்களிடமே திரும்பி வரும். இதழில் முன்பு வெளியான சொற்களுக்கு இட அமைப்பு எழுதித் தர முன்வருபவர்களின் கடிதங்களுக்கும் இடம் ஒதுக்குவோம்.